நூற்று முப்பத்தெட்டு என்று சொன்னேன்

மெஷின் அவர் கைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான், இனி பிடுங்க முடியாது, பிடுங்கினால் அதுவே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்... அந்த நர்ஸ் அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், அடியில் இருக்கும் பேட்டரி மூடியை நகத்தால் அழுத்துகிறார், பெருவிரல் ஓரத்துப் பொத்தானுக்குப் பக்கத்தில் போகிறது, அதில் எம் என்று ஓர் ஆங்கில எழுத்து, பதினைந்து நாளாகக் காலையும் சாயங்காலமும் அந்த பிபி மெஷினைத் தொட்டவள் நான்தான், அந்த எழுத்து எதற்கு என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. “இதுல பழைய ரீடிங்கெல்லாம் இருக்கும் பாப்பா, நோட்டோட ஒத்துப் பாத்துட்டு உள்ள அனுப்பறேன்” என்று அவர் சொன்னார். பழைய ரீடிங்கெல்லாமா? எல்லாமேவா? இந்தச் சின்ன டப்பாவுக்கு ஞாபகம் வேறு இருக்கிறதா? இப்போது ராத்திரி மணி பதினொன்றே முக்கால், நான் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயில் படுத்திருக்கிறேன், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் கண்ணை மூடினால் சிதம்பரத்தில் அந்த கிளினிக் பெஞ்சில்தான் மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன், இடது பக்கத்தில் அப்பா போனில் பேசிக்கொண்டிருக்கிறார், “போட்டோ அனுப்பிட்டேன் சார், லொக்கேஷனோடதான் சார் அனுப்பனேன்,” வலது பக்கத்து மேஜையில் என் நோட்டு திறந்து கிடக்கிறது, நான் எழுதிய எண்கள் எல்லாம் வரிசையாக, அழகாக, சிவப்புப் பேனாவில் கோடு போட்ட கட்டத்துக்குள்... அவ்வளவும் பொய்.

அந்த நோட்டைப் பார்த்து நர்ஸ் அக்கா முதலில் பாராட்டினார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. சட்டையில் ஜான்சி என்று பெயர் குத்தியிருந்தது. “இவ்ளோ நீட்டா யாருமே எழுதினு வர்றதில்ல, ப்ளஸ் டூவா? பயாலஜியா? நர்சிங் சேந்துடு” என்றார், நான் சிரித்தேன், அந்த நேரத்தில் எப்படிச் சிரிக்க முடிந்தது என்று தெரியவில்லை. முதல் நாள் நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தாறு, மறுநாள் நூற்று முப்பத்தேழு, அப்புறம் நடுவில் ஒரு நாள் வேண்டுமென்றே நூற்று நாற்பது, ஏனென்றால் ஒரே சீராக இறங்கினால் சந்தேகம் வரும், கடைசி நாளுக்கு நூற்று இருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு. இதெல்லாம் எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. பள்ளிக்கூடத்து பிசிக்ஸ் லேப்தான். அங்கே நாங்கள் எல்லோரும் செய்வதுதானே, கடைசியில் என்ன விடை வர வேண்டும் என்று முதலிலேயே தெரியும், அதிலிருந்து பின்னாலேயே வந்து ஆறு ரீடிங்கை எழுதுவோம், ஒன்றிரண்டைக் கொஞ்சம் தள்ளி எழுதினால்தான் நிஜம் மாதிரி இருக்கும் என்று பெஞ்சுக்குப் பெஞ்சு சொல்லிக்கொள்வோம், சாரும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். ஆனால் அங்கே தொங்குவது ஊசல் குண்டு. இங்கே உட்கார்ந்திருப்பது என் அப்பா.

பதினைந்து நாளைக்கு முன்னால் இதே கிளினிக்குக்கு அப்பா தனியாகத்தான் வந்தார். அவர் கிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வி.ஏ.ஓ., மழை வெள்ளம் என்றால் முதலில் ஓட வேண்டிய கிராம அதிகாரி, தினமும் கடலூரில் பஸ் ஏறி பி.முட்லூரில் இறங்கி அங்கே நிறுத்தியிருக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு போவார், தலை பாரமாக இருக்கிறது என்று ஒரு நாள் சிதம்பரம் வரைக்கும் போய்க் காட்டியிருக்கிறார். சௌந்தரம் டாக்டர் பார்த்துவிட்டு, பிரஷர் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது, இப்போதே மாத்திரை வேண்டாம், ஒரு மெஷின் வாங்கி இரண்டு வாரம் வீட்டிலேயே பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள், உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள், முக்கியமாக டென்ஷனைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். இதை அப்பா வீட்டுக்கு வந்து ஒரு ஜோக் மாதிரி சொன்னார், “ஐப்பசி கார்த்திகையில ஒரு வி.ஏ.ஓ.வ பாத்து டென்ஷன கொறைன்றாங்கடி மாலதி, அந்தம்மா எந்த ஊர்ல இருக்குது!” அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் எண்களே பயம்தான், துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்றால் அப்பா ராத்திரி வீட்டுக்கு வர மாட்டார், ஐந்து என்றால் இரண்டு நாளைக்கு வர மாட்டார், போனமுறை மழைக்கு அப்படிப் போனபோதுதான் அப்பாவோடு வேலை பார்த்த ராஜமாணிக்கம் மாமா வெள்ளத்துக்கு நடுவில், ஸ்கூலில் தங்க வைத்த ஜனங்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவர், கையில் இருந்த கரண்டியோடு கீழே விழுந்தார். பிரஷர் இருந்திருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிட்டிருக்கிறார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவர் என்னை லேகா என்று கூப்பிட்டார், அது வேறு என்னவோ போலக் கேட்டது, வாயின் ஒரு பக்கம் வருவதில்லை. எனக்கு எப்போதும் தேன்மிட்டாய் வாங்கி வருவார். நான் அவரைப் பார்க்கப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, போகப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அசிங்கம், பயமாக இருக்கிறது என்று சொன்னால் அம்மாவுக்குப் புரியவில்லை.

மெஷின் வந்த அன்று சாயங்காலம்... அதை மட்டும் மாற்ற முடிந்தால். அப்பா மாடிப்படி ஏறி வந்தார், சட்டையெல்லாம் ஈரம், நான் ஓடிப்போய் நாற்காலியைப் போட்டேன், கையில் அந்தப் பட்டையைச் சுற்றினேன், அது உஸ்ஸென்று ஊதி இறுகியது, அப்பாவின் மறு கையில் போன், யாரோ ஏரிக்கரையில் மண் மூட்டை பத்தவில்லை என்று கத்துவது எனக்கே கேட்டது. மெஷின் என் மடியில். நூற்று ஐம்பத்திரண்டு. தொண்ணூற்றாறு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ தப்பு, இன்னொரு எண் வரும் என்று காத்திருந்த மாதிரி. அப்பா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு “எவ்ளோ பாப்பா?” என்றார். அவர் முகம்... அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை, மார்க் ஷீட்டைக் கேட்கிற பையன் மாதிரி. டென்ஷன் ஜாஸ்தி ஆனால் பிரஷர் ஜாஸ்தி ஆகும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார், இப்போது நூற்று ஐம்பத்திரண்டு என்று சொன்னால் டென்ஷன் ஆகும், டென்ஷன் ஆனால் நூற்று அறுபது ஆகும், அதைச் சொன்னால்... அந்த அரை நொடிக்குள் நான் ராஜமாணிக்கம் மாமா வாயைப் பார்த்துவிட்டேன். “நூத்தி முப்பத்தெட்டுப்பா” என்றேன். அப்பாவுடைய தோள் இரண்டும் இறங்கியது. நிஜமாகவே இறங்கியது, ஈரச் சட்டைக்குள் அது இறங்கியதை நான் பார்த்தேன். “அப்ப பரவால்ல” என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் டீ கேட்டார். என் பொய் மருந்து மாதிரி வேலை செய்தது, அதற்கு முன்னால் என் வாயிலிருந்து வந்த எந்த நிஜமும் அப்படி வேலை செய்ததில்லை, மறுநாள் காலையில் நூற்று நாற்பத்தொன்று காட்டியதும் எனக்கு உறுதியாகிவிட்டது, பார், பதினொன்று குறைந்துவிட்டது, சொல்லாமல் இருந்ததால்தான் குறைந்தது.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. மெஷின் நூற்று நாற்பத்தொன்பது காட்டும், நான் முப்பத்தாறு என்பேன், அது ஐம்பத்தைந்து காட்டும், நான் முப்பத்து நாலு என்பேன், சொல்லிவிட்டு நோட்டை எடுத்து எழுதுவேன், கையெழுத்து மட்டும் எப்போதும் இல்லாத அளவுக்கு அழகாக வரும். ராத்திரியில் கண் முழித்து அப்பா மூச்சு விடுகிறாரா என்று கவனிப்பேன், குறட்டை நின்றால் எனக்கும் நிற்கும். அம்மா ஊறுகாய் ஜாடியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள், கருவாட்டுக் குழம்பு வீட்டிலேயே இல்லை என்றாகிவிட்டது, தேவனாம்பட்டினத்திலிருந்து கருவாட்டுக் கூடை கொண்டு வரும் அம்மாவிடம் “அடுத்த மாசம் வா தாயி, எங்க வூட்டுக்காரருக்கு பிரஷர் எறங்கினு வருது” என்று வாசலில் நின்று பெருமையாகச் சொன்னாள், எனக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது. இறங்கினு வருது. எங்கே இறங்கி வருகிறது? என் நோட்டில். ஒருவேளை நிஜத்தைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பார்கள், மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார், இப்போது நானே அந்த மாத்திரையைத் தடுத்து வைத்திருக்கிறேனா? அப்பாவுக்கு ஏதாவது ஆனால் அது யார் செய்தது? இதை யாரிடம் கேட்பது? மெஷினிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு தடவையும், இன்றைக்காவது நான் எழுதப்போகிற எண்ணைக் காட்டிவிடு, பிளீஸ், ஒரே ஒரு தடவை.

ஜான்சி அக்கா பொத்தானை அழுத்தினார். ஒரு தடவை, நோட்டைப் பார்த்தார். இன்னொரு தடவை, நோட்டைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது, நூத்தி நாப்பத்தொம்போது, நூத்தி அம்பத்தஞ்சி, நூத்தி நாப்பத்தேழு... விரல் நோட்டின் கட்டத்தில் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. அப்புறம் நிமிர்ந்து அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அவ்வளவு பேர் இருக்கும் ஹாலில், டோக்கன் கூப்பிடும் சத்தத்தில், குழந்தை ஒன்று வீறிட்டு அழுவதற்கு நடுவில், அவர் கத்தியிருந்தால்கூட யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் அவர் கத்தவில்லை, “பாப்பா, இப்டி வா, அப்பாவுக்கு எப்டி கட்டுவ, கட்டிக் காட்டு பாக்கலாம்” என்றார். அப்பா போனை மூடாமலே கையை நீட்டினார், பழகிய கை. நான் பட்டையைச் சுற்றினேன், முழங்கைக்கு மேலே, முழுக்கைச் சட்டையின் மேலேயே, எப்போதும் போல. “சட்ட மேலயேவா கட்டுவ?” “ஆமாக்கா.” “பதினஞ்சி நாளும்?” “ஆமாக்கா... அப்பா கழட்ட மாட்டாரு, வந்த உடனே பாத்துடுவோம்.” “வந்த உடனேன்னா?” “மாடி ஏறி வந்த உடனே. காலையில காபி குடிச்சினே.” ஜான்சி அக்கா அப்பா கால்மேல் கால் போட்டிருப்பதைப் பார்த்தார், மடியில் தொங்கிய கையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். “ஏன் சார், பட்ட கட்டினு இருக்கும்போது ஒரு நாளாச்சும் வாய மூடினு இருந்தீங்களா?” அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு, “எங்க மேடம் உடறானுங்க” என்றார். ஜான்சி அக்கா சிரித்தே விட்டார், பக்கத்தில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவரும் சிரித்தார், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை, அப்பாவுக்கும் புரியவில்லை. அப்புறம் அவர் குனிந்து என் காதில், “மெஷின்ல இருக்கறது ஒண்ணு, நோட்ல இருக்கறது ஒண்ணு, டாக்டர்கிட்ட நீயே சொல்றியா, நான் சொல்லட்டா?” என்றார். அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. அதனால்தான் நானே சொல்கிறேன் என்றேன் போலிருக்கிறது.

சௌந்தரம் டாக்டரின் அறையில் ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் உட்காராமலே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது, நோட்டில் இருப்பதெல்லாம் நானே எழுதியது மேடம், நிஜமில்லை மேடம், நிஜம் மெஷினில் இருக்கிறது, ஜாஸ்தியாக இருக்கிறது, சொன்னால் அப்பாவுக்கு டென்ஷன் ஆகும், டென்ஷன் ஆனால் இன்னும் ஏறும், அதனால்... அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் அடித்திருந்தால் பரவாயில்லை, அவர் என்னை அடித்ததே இல்லை என்றாலும். “ஏன் பாப்பா?” என்று மட்டும் கேட்டார், அதுவும் கோபமாக இல்லை, ஏதோ வழி கேட்பது மாதிரி. ராஜமாணிக்கம் மாமா என்று நான் ஆரம்பித்தேன், மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அப்பா கீழே பார்த்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “என்னாம்மா, இங்க டாக்டரு நானா நீயா?” நான் நோட்டையே பார்த்தேன். “கேக்கறேன்ல. நீ நூத்தி இருவத்தெட்டுன்னு முடிச்சிருக்க. நான் அத நம்பி, சபாஷ் தேவநாதன், ஆறு மாசம் கழிச்சி வாங்கன்னு அனுப்பிச்சிருப்பேன். அனுப்பிச்சிருந்தா?” அந்த ‘அனுப்பிச்சிருந்தா’வில் நான் அழுதுவிட்டேன். அவர் உடனே சமாதானம் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் அழ விட்டார். அப்புறம், “சரி, மெஷின் காட்டுனதும் பாதி பொய்தான், சட்ட மேல கட்டி, மாடி ஏறி, சண்ட போட்டுனே பாத்தா எனக்குமே அம்பத்தஞ்சி காட்டும்” என்றார். நான் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பாதி பொய்யா? எனக்காகத்தான் சொல்கிறாரா, அல்லது நிஜமாகவா? பதினைந்து நாளாகப் பொய்யிலேயே இருந்ததால் யார் சொல்வதையும் நம்பத் தெரியவில்லை.

“போன ஆஃப் பண்ணி பொண்ணுகிட்ட குடுங்க” என்றார் அப்பாவிடம். அப்பா போனைப் பார்த்தார், ஒரு குழந்தையை யாரிடமாவது கொடுக்கச் சொன்ன மாதிரி. “சைலன்ட்ல போட்றன் மேடம்.” “ஆஃப்.” ஆஃப் பண்ணினார். என் கையில் வந்தபோது அது சூடாக இருந்தது. முதுகு நாற்காலியில் சாய வேண்டும், கால் இரண்டும் தரையில், சட்டைக் கையை முழுசாகக் கழற்ற வேண்டும், கை மேஜைமேல், நெஞ்சு உயரத்துக்கு, அப்புறம் ஐந்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது, டாக்டர் உட்பட. மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடச் சொன்னார். ஐந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. அப்பாவுடைய பனியன் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முதலில் வேகமாக, அப்புறம் கொஞ்சம் மெதுவாக, அவருடைய தோள்பட்டைக்குக் கீழே கருநீலத்தில் ஒரு மச்சம் இருக்கிறது, அதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், அப்புறம் பார்த்ததே இல்லை, அப்பாவை நான் கடைசியாக எப்போது சும்மா பார்த்தேன்? மெஷினைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்? ஜான்சி அக்கா வந்து பட்டையைக் கட்டினார், முதலில் அவர்களுடைய மெஷின், ஒரு நிமிஷம் விட்டு எங்களுடையது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். உஸ்... என்று ஏறியது, நின்றது, டிக் டிக் என்று இறங்கியது. “நூத்தி முப்பத்தாறு, எம்பத்தாறு” என்றார். எங்களுடையது முப்பத்தேழு, எண்பத்தாறு. இன்னொரு தடவை பார்த்தார்கள், முப்பத்து நாலு. நான் முதல் நாள் வாயில் வந்ததை உளறியது நூற்று முப்பத்தெட்டு... உடம்பு முழுக்க ஏதோ அவிழ்ந்த மாதிரி இருந்தது, பாத்ரூம் போக வேண்டும் போல, சிரிக்க வேண்டும் போல, எல்லாம் ஒரே நேரத்தில். டாக்டர் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டார். “குருட்டாம்போக்குல பக்கத்துல வந்துட்ட, ஒடனே பெருமப் பட்டுக்காத. கொஞ்சம் ஏத்தம் இருக்குது, இல்லன்னு சொல்லல. இன்னும் ரெண்டு வாரம் ஒழுங்கா பாருங்க. அப்பவும் எறங்கலன்னா மாத்திர குடுப்பேன், மாத்திர சாப்புடறது ஒண்ணும் குத்தம் இல்ல, புரியுதா?” அப்பா தலையாட்டிவிட்டு, “வயித்துல பால வாத்தீங்க மேடம்” என்றார். “பால இல்ல, உப்ப கொறைங்க. நடக்கறீங்களா?” என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துச் சொன்னார். “அவ சொல்லிட்டா, நானும் சொல்லிட்றன் மேடம். நடக்கல.” தினமும் சாயங்காலம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவார், ஷூ வேறு வாங்கியிருந்தார். அங்கே போய் ஓரமாக உட்கார்ந்துவிடுவாராம். பசங்கள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு, போனை வீட்டு ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பாராம். “எவன் ஜெயிக்கறான்னுகூட தெரியாது மேடம். சும்மா. யாரும் என்னை எதுவும் கேக்க மாட்டாங்க.” திரும்பி வரும்போது மூஞ்சியில் தண்ணீர் அடித்துக்கொண்டு வியர்த்த மாதிரி வருவாராம். டாக்டர் கொஞ்ச நேரம் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்ல குடும்பம்யா” என்றார், ஜான்சி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்புறம் டாக்டரே குரலை இறக்கி, அந்த அரை மணி நேரத்தை விடாதீர்கள், அதுவும் மருந்துதான், உட்காருங்கள், ஆனால் முதலில் நாலு சுற்று நடந்துவிட்டு உட்காருங்கள் என்றார், ராத்திரி ஒன்பது மணிக்குமேல் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வருவதைப் பார்க்காதீர்கள், புயல் நாள் என்றால் சரி, மற்ற நாளில் காலையில் பார்த்தால் ஏரி எங்கேயும் ஓடிப்போகாது என்றார், படுக்கும் முன்னால் பத்து நிமிஷம் அந்த மெதுவான மூச்சு. “அப்புறம் இந்த நோட்ட இனிமே நீங்களே எழுதுங்க. பொண்ணு பட்டைய கட்டி விடட்டும், நம்பர நீங்க பாருங்க. அவ பாத்து பயந்தது போதும்.” அப்பா சரி என்றார். நானும் சரி என்றேன், என்னைக் கேட்காவிட்டாலும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை அப்பா எனக்கு விட்டார். மழை பெய்யப் போகிற மாதிரி இருந்தது, பெய்யவில்லை. பி.முட்லூர் தாண்டும் வரைக்கும் கண்டக்டர் சில்லறைக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், எனக்குப் பசித்தது, பதினைந்து நாளுக்கு அப்புறம் நிஜமான பசி. புதுச்சத்திரம் வந்தபோது அப்பா, “மொத நாளு நெஜமா எவ்ளோ?” என்றார். நூற்று ஐம்பத்திரண்டு என்றேன். “அம்பத்திரண்டா” என்றார். அப்புறம் ஆலப்பாக்கம் வரைக்கும் அவர் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாரா, வேறு எதையாவதா, தெரியாது. “நானா இருந்தாலும் அப்டித்தான் சொல்லியிருப்பேன்” என்றார் திடீரென்று, “ஆனா நீ சொல்லக் கூடாது.” இதென்ன நியாயம்ப்பா என்று கேட்டேன், சிரித்தார், தலையை சீட்டில் சாய்த்தார், அப்படியே தூங்கிவிட்டார். பஸ்ஸில் அப்பா தூங்கி நான் பார்த்ததே இல்லை, எப்போதும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். போன் அணைந்தபடி இன்னும் என் பையில்தான் இருந்தது, இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் அப்பாவே சொன்னார், அவர் உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்தாள். “கருவாட்டுக்காரம்மாகிட்ட எம் மூஞ்சிய எங்க கொண்டு போய் வைக்கறது? பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கெடைக்காதுன்னுவாங்க, இதுங்களப் பாரு, ஆளுக்கு நாலு தோசை.” ஐந்தாவதும் போட்டாள். சட்னியில் உப்பே இல்லை, ஆனாலும் நன்றாக இருந்தது, இன்றைக்கு என்ன கொடுத்தாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அப்புறம் ஒன்பது மணிக்கு அப்பா போனை வாங்கி, பார்க்காமலே டிவி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். மூச்சுப் பயிற்சி செய்தார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து செய்தேன், நான்காவது மூச்சில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும். இப்போது உள்ளே குறட்டை கேட்கிறது, நிற்கிறது, மறுபடியும் கேட்கிறது, நின்றால்கூட இன்றைக்கு எனக்கு மூச்சு நிற்கவில்லை, எண்ணாமல் படுத்திருக்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது, காலையில் ஆறரைக்கு காபிக்கு முன்னால், பனியனோடு, பேசாமல், ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, நான் பட்டையைக் கட்ட வேண்டும், அவர் பார்த்து அவரே எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. புது நோட்டுகூடப் போட்டாகிவிட்டது, கட்டம் போட்டு வைத்தேன், ஒன்றும் எழுதவில்லை. ஆனால் படுக்கப் போகும் முன்னால் அப்பா அந்த நோட்டையும் பேனாவையும் கொண்டு வந்து என் தலைமாட்டில் வைத்தார். “டாக்டர் உங்களத்தான எழுதச் சொன்னாங்க?” என்றேன். லைட்டை அணைத்துவிட்டு, இருட்டில் நின்றுகொண்டு, “நீயே பாத்து சொல்லு பாப்பா” என்றார், போய்விட்டார். நான் பொய் சொன்னவள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், இன்றைக்கு மத்தியானம்தான் தெரிந்தது, இருந்தும் நீயே பார்த்துச் சொல் என்கிறார். இனி நான் நிஜத்தைத்தான் சொல்வேன் என்று நம்பிச் சொன்னாரா... இல்லை, நாளைக்கு அது நூற்று ஐம்பது காட்டினால் எப்போதும் போல ஒரு முப்பத்தெட்டைச் சொல்லிவிடு என்றா?